கார் லேசாக இடித்துவிட்டால்: புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிக்னலில் முன்னால் நின்ற காரின் பம்பரில் போய் முட்டுவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்து வண்டியை உரசுவது, சந்திலிருந்து திடீரென்று வந்த பைக் கதவில் இடித்துக் கீழே விழுவது. புதிதாக கார் ஓட்டுபவர்களுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று என்றாவது ஒருநாள் நேரத்தான் செய்யும். டிரைவிங் ஸ்கூலில் கியர் மாற்றவும் மேட்டில் அரைக் கிளட்சில் நிறுத்தவும் சொல்லித்தருகிறார்கள். இடித்த பிறகு வரும் அரை மணி நேரத்தை எப்படிக் கடப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

நம் ஊர் ரோட்டில் ஒரு இடி நடந்தால் இரண்டு நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும், மூன்றாவது நிமிடத்தில் தீர்ப்பும் வந்துவிடும். பெரும்பாலும் பெரிய வண்டிக்காரர் மேல்தான் தப்பு. அந்தக் கூச்சலில் புதியவர்கள் பயந்து ஓடிவிடுகிறார்கள், அல்லது கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள், அல்லது சண்டைக்கு நிற்கிறார்கள். மூன்றும் பிறகு தொல்லையாக வந்து நிற்கும். யார் மேல் தப்பு என்பதை ரோட்டில் நின்று தீர்க்க வேண்டியதில்லை. ரோட்டில் செய்ய வேண்டியது இரண்டுதான்: ஆட்களைப் பார்ப்பது, ஆதாரம் எடுப்பது. மற்ற எல்லாவற்றையும் வீட்டுக்குப் போய் நிதானமாக முடிவுசெய்யலாம்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டு நடைமுறை. இன்சூரன்ஸ் பற்றியவை இந்தியா முழுவதற்கும் பொருந்தும்.

முதல் ஒரு நிமிடம்

வண்டியை நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹசார்டு லைட்டைப் போடுங்கள். பதற்றத்தில் கதவைப் படாரென்று திறக்காதீர்கள். பின்னால் வரும் பைக்காரர் அந்தக் கதவில் மோதி, முதல் இடியைவிடப் பெரிய விபத்தாகிவிடும். கண்ணாடியில் பார்த்துவிட்டு, முடிந்தால் இடது பக்கமாக இறங்குங்கள்.

நெடுஞ்சாலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ்ஸுக்கு நின்றிருக்கும் கார் தெரிவதற்குள் தூரம் முடிந்துவிடும். எல்லோரையும் இறக்கி, ரோட்டோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். டிக்கியில் சிவப்பு முக்கோணம் இருக்கும். அதை வண்டிக்குப் பின்னால் ஐம்பது மீட்டராவது தள்ளி வையுங்கள். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நின்று சேதத்தைப் பார்க்கவே கூடாது. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. மற்ற எந்த அவசரத்துக்கும் 112.

வண்டியை விட்டுவிட்டு ஆட்களைப் பாருங்கள்

உங்கள் வண்டியில் இருப்பவர்களிடம் ஒவ்வொருவராகக் கேளுங்கள். பிறகு எதிர்த்தரப்பு. "அண்ணே, அடி ஏதும் பட்டுச்சா? கொஞ்சம் உக்காருங்க" என்ற ஒரு வார்த்தை அந்த இடத்தின் சூட்டைப் பாதியாகக் குறைக்கும். தப்பு யாருடையது என்றாலும் முதல் பேச்சு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பைக்கில் வந்து விழுந்தவர்கள் உடனே எழுந்து நின்று "ஒண்ணுமில்ல சார்" என்பார்கள். அதிர்ச்சியில் வலி தெரியாது. அதை நம்பி அனுப்பிவிடாதீர்கள். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் ஆளைத் தூக்கவோ ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றவோ வேண்டாம். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் பாட்டிலோடு வருவார், மரியாதையாகத் தடுத்துவிடுங்கள்.

அடிபட்டவருக்கு சிகிச்சை கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 134வது பிரிவு சொல்கிறது. நடைமுறைச் சம்பிரதாயங்களுக்குக் காத்திராமல் உடனே பார்க்க வேண்டும் என்று டாக்டருக்கும் அதே பிரிவு கட்டளையிடுகிறது. "போலீஸ் கேஸ், முதல்ல ஸ்டேஷனுக்குப் போங்க" என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்றாலும் உண்டு. செலவுக்குப் பயந்து அவர் மறுத்தால் இதைச் சொல்லுங்கள்.

வேடிக்கை பார்க்கிறவர்களில் உதவ நினைப்பவர் "கோர்ட்டுக்கு அலைய விடுவாங்க" என்று தயங்கலாம். 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

கூட்டம் கைவைக்கிற நிலைக்குப் போய்விட்டால்? சட்டமே அதை யோசித்திருக்கிறது. கும்பலின் ஆவேசத்தால் முடியாமல் போனால் தவிர என்று 134வது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. கதவைப் பூட்டிக்கொண்டு 112-ஐ அழையுங்கள். அங்கே இருக்கவே முடியாது என்றால் நேராகப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போகாதீர்கள். ஸ்டேஷனுக்குப் போனவரையும் ஓடிப்போனவரையும் சட்டம் வேறுவேறாகத்தான் பார்க்கும்.

நகர்த்துவதற்கு முன் படம்

யாருக்கும் பெரிய அடி இல்லை என்று தெரிந்ததும் போனை எடுங்கள். வண்டியை நகர்த்திவிட்டால் யார் எந்த லேனில் இருந்தார் என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. முதலில் தூரத்தில் நின்று, இரண்டு வண்டிகளும் ரோட்டின் கோடும் சிக்னலோ சந்தோ சேர்ந்து தெரிகிற மாதிரி நான்கு பக்கமிருந்தும் எடுங்கள். பிறகு இரண்டு நம்பர் பிளேட்டும். பிறகு முன் டயர்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பது. யார் லேன் மாறினார் என்ற வாதத்தில் இது பேசும். பிரேக் பிடித்த தடம், உடைந்த கண்ணாடி சிதறிக் கிடக்கிற இடம். கடைசியாகச் சேதத்தின் கிட்டப் படங்கள். எதிர்த்தரப்பு வண்டியில் நீங்கள் இடிக்காத பக்கங்களையும் சேர்த்து எடுங்கள். பழைய டென்ட்டுகள் பிறகு உங்கள் கணக்கில் ஏறிவிடாமல் இருக்கும்.

எதிரே கடையில் கேமரா இருந்தால் அன்றே போய்க் கேளுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் கழித்துப் போனால் இருக்காது. டேஷ்கேமும் அப்படித்தான், அந்தத் துண்டை உடனே போனுக்கு மாற்றிவிடுங்கள். பார்த்தவர் யாராவது பொறுமையாகப் பேசினால் அவர் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும். படம் எடுத்ததும் வண்டியை ஓரங்கட்டி வழி விடுங்கள். யாருக்காவது பலத்த அடி என்றால் மட்டும் போலீஸ் வரும்வரை வண்டியைத் தொட வேண்டாம்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

பாதிக்கப்பட்டவர் கேட்டால் உங்கள் பெயர், முகவரி, வண்டி உரிமையாளரின் பெயர், முகவரி ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். அவரும் தன்னுடையதைச் சொல்ல வேண்டும். இது 132வது பிரிவு. இன்சூரன்ஸ் கம்பெனி பெயரையும் பாலிசி நம்பரையும் பரிமாறிக்கொள்வது நல்லது. எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டாலே இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சொல்லக் கூடாதது ஒன்று உண்டு: "தப்பு என்மேலதான், மொத்தச் செலவையும் நான் பாத்துக்கறேன்." கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதோ பணம் தருவதாக வாக்களிப்பதோ கூடாது என்பது கார் பாலிசியிலேயே இருக்கிற நிபந்தனை. அதை மீறினால் கம்பெனி கைவிரிக்க இடம் கொடுத்துவிடுகிறீர்கள். இதற்காகக் கல்நெஞ்சோடு நிற்கத் தேவையில்லை. அடிபட்டவருக்கு ஆட்டோ பிடித்துக் கொடுங்கள், கூடவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். மனிதராக நடந்துகொள்வதை எந்த பாலிசியும் தடுக்கவில்லை.

வெறும் கீறல்தான், இன்சூரன்ஸ் பக்கமே போகப் போவதில்லை, இரண்டு பேரும் பேசி முடித்துக்கொள்ள விரும்புகிறீர்கள் என்றால் அதுவும் சரியான வழிதான். ஆனால் ஒரு வெள்ளைத்தாளில் தேதி, நேரம், இடம், இரண்டு வண்டி எண்கள், தொகை, இதற்குமேல் ஒருவர்மேல் ஒருவருக்குக் கோரிக்கை இல்லை என்ற வரி, இரண்டு கையெழுத்து இருக்கட்டும். பணத்தை யுபிஐ வழியாக அனுப்புங்கள். யாருக்காவது சின்ன அடி பட்டிருந்தாலும் இந்த வழி வேண்டாம். அன்று இல்லாத வலி மூன்றாம் நாள் வரும், அப்போது இந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது.

"பணம் வர்ற வரைக்கும் லைசென்ஸ் எங்கிட்ட இருக்கட்டும்" என்பார்கள். கொடுக்காதீர்கள். லைசென்ஸையோ ஆர்சி புத்தகத்தையோ வாங்கி வைக்கத் தனியாள் யாருக்கும் உரிமை கிடையாது. டிஜிலாக்கரில் இருக்கும் பிரதிகள் செல்லும் என்பதால், அசலை வண்டியில் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆள் இல்லாமல் நின்ற வண்டியை உரசிவிட்டீர்களா? பத்து நிமிடம் காத்திருங்கள், வாட்ச்மேனிடம் கேளுங்கள். யாரும் வரவில்லை என்றால் பெயரும் நம்பரும் எழுதி வைப்பரில் செருகிவிட்டு, அந்தத் தாளையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் எப்போது வேண்டும்

யாருக்கும் அடியில்லை, சேதம் மட்டும்தான் என்றால் உங்கள் காரைச் சரிசெய்யும் க்ளெய்முக்குப் பெரும்பாலும் எஃப்ஐஆர் தேவைப்படாது. எதிராளி பணம் கேட்டு மிரட்டுகிறார், இடித்துவிட்டு ஓடிவிட்டார், அல்லது நடந்ததை மாற்றிச் சொல்கிறார் என்றால் ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எஃப்ஐஆர் போடாத புகாருக்கும் தமிழ்நாட்டில் இந்த ரசீது தருவார்கள். நடந்தது நடந்த அன்றே சொல்லப்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

யாருக்காவது அடி பட்டிருந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சென்னையில் இந்த வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கிறது. மற்ற ஊர்களில் அந்த எல்லைக்குட்பட்ட ஸ்டேஷன். வழக்கு என்றதும் புதியவர்கள் உடைந்துபோகிறார்கள். கவனக்குறைவாக ஓட்டியது, அதனால் காயம் ஏற்பட்டது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளில் பதியப்படும் குற்றங்கள் ஜாமீனில் விடக்கூடியவை. வண்டியை ஸ்டேஷனில் நிறுத்துவார்கள், பிரேக் இன்ஸ்பெக்டர் என்று எல்லோரும் சொல்கிற மோட்டார் வாகன ஆய்வாளர் சோதித்துப் பார்ப்பார், பிறகு விடுவிப்பார்கள். எஃப்ஐஆர் நகலை இலவசமாகப் பெறும் உரிமை புகார் கொடுத்தவருக்கு உண்டு. அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் விபத்துப் பதிவேட்டின் நகலை, அங்கே ஏஆர் காப்பி என்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

ஓட்டிக்கொண்டு போகலாமா?

என்னைக் கேட்டால் இந்த முழு விஷயத்திலும் அதிகப் பணம் இழக்கும் இடம் இதுதான். முன்பக்கம் இடித்த கார் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் பம்பர் அமுங்கி மறுபடி எழுந்துவிடும்; அதற்குப் பின்னால் ரேடியேட்டரில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்து, கீழே குனிந்து பாருங்கள். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ சொட்டினால் கூலன்ட். ஏசி போட்டிருந்தால் தெளிந்த தண்ணீர் சொட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம். பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள்.

பிறகு டயரைச் சுற்றிப் பாருங்கள், உள் மட்கார்டு பிளாஸ்டிக் உரசுகிறதா என்று. பானெட் சரியாகப் பூட்டுகிறதா என்று அழுத்திப் பாருங்கள். ஓடும்போது திறந்து கண்ணாடியை மறைத்தால் ஆபத்து. ஸ்டியரிங் நேராக இருக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஏர்பேக் விரிந்திருந்தால், ஏர்பேக் விளக்கு டேஷ்போர்டில் எரிந்தால் ஓட்டக் கூடாது. மின்சாரக் காரின் அடிப்பக்கம் பலமாக இடித்திருந்தால் சார்ஜ் போடாமல் கம்பெனிக்குச் சொல்லுங்கள்.

சரிசெய்யாமல் ஓட்டி அதனால் சேதம் பெருகினால் அது உங்கள் பொறுப்பு என்று பாலிசி தெளிவாகச் சொல்கிறது. ரேடியேட்டர் உடைந்தது விபத்து. அதைத் தெரியாமல் இருபது கிலோமீட்டர் ஓட்டி இன்ஜின் சூடாகி ஜாம் ஆனால் அந்தச் செலவைக் கம்பெனி ஏற்காது. சில ஆயிரத்தில் முடிவது லட்சத்தில் போய் நிற்கும். சந்தேகம் என்றால் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். பல பாலிசிகளில் சாலையோர உதவி சேர்ந்தே இருக்கும்.

க்ளெய்ம் போடுவதா, கைக்காசா?

கம்பெனிக்குத் தகவலை அன்றே சொல்லிவிடுங்கள். தகவல் சொல்வதாலேயே க்ளெய்ம் ஆகிவிடாது, போடுவதா வேண்டாமா என்று எஸ்டிமேட் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம். கணக்கு இப்படி.

ஒரு கார், 1500 சிசிக்குக் கீழே. பம்பர் மாற்ற 6,000 ரூபாய், பெயிண்டிங் 5,000, மொத்தம் 11,000 என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பாகங்களுக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50 சதவீதம் தேய்மானம், ஆக 3,000 போய்விடும். பெயிண்ட் பொருளுக்கும் பாதி கழிப்பார்கள். பெயிண்டிங் செலவில் கால் பங்கைப் பொருள் என்று எடுத்துக்கொண்டால் 625. ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 (1500 சிசிக்கு மேல் என்றால் 2,000). கைக்கு வருவது 6,375. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் எடுத்திருந்தால் 10,000.

இப்போது இழப்பு. க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்கு சொந்தச் சேத பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று என்சிபி தள்ளுபடி ஏறும். ஒரு க்ளெய்ம் போட்டால் சுழியத்துக்கு வந்துவிடும். அடிப்படை பிரீமியம் 10,000 என்று எடுத்துக்கொண்டால், 50 சதவீதத்தில் இருப்பவர் மறுபடி அங்கே ஏறி வருவதற்குள் கூடுதலாகக் கட்டுவது 5,000, 3,000, 2,500, 1,500, 500. மொத்தம் 12,500. வண்டி பழசாக ஆக பிரீமியம் குறையும் என்பதால் கொஞ்சம் குறையலாம். ஜீரோ டெப் இருந்தாலும் அவருக்குக் கைக்காசுதான் லாபம். அதே இடி, கார் வாங்கிய முதல் வருடத்தில் நடந்தால்? தள்ளுபடிப் படிகள் ஒரு வருடம் தள்ளிப்போகும், மொத்த இழப்பு சுமார் 5,000தான். அவர் க்ளெய்ம் போடலாம். "சின்னதுக்கெல்லாம் க்ளெய்ம் போடாதே" என்ற பொது அறிவுரை எல்லோருக்கும் சரியல்ல. க்ளெய்ம் போட்டாலும் தள்ளுபடி போகாமல் காக்கும் என்சிபி பாதுகாப்பு எடுத்திருந்தால் கணக்கே வேறு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. "அவர்தானே இடிச்சார், அவர் இன்சூரன்ஸ் என் காருக்குக் கொடுக்கட்டும்" என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் இங்கே அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள். பம்பருக்காக யாரும் அங்கே போவதில்லை. சொந்த பாலிசியில்தான் க்ளெய்ம் போடுகிறார்கள், தப்பில்லாதவருக்கும் என்சிபி போகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை, நடைமுறை இதுதான். உங்களிடம் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் உங்கள் காருக்கு ஒரு ரூபாயும் வராது.

ஒர்க்‌ஷாப்பில்

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் வரும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் கழற்ற விடாதீர்கள். சின்னச் சேதத்துக்கு வீடியோ மூலமே பார்த்துவிடுவார்கள். பம்பரைக் கழற்றிய பிறகு உள்ளே புதிதாக ஏதாவது தெரிந்தால், அதையும் சர்வேயருக்குக் காட்டிக் கூடுதல் எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய டென்ட்டையும் இதோடு சேர்த்து எடுத்துத் தருகிறோம் என்று சில இடங்களில் ஆசை காட்டுவார்கள். வேறு நாளில் விழுந்தது வேறு க்ளெய்ம். பொய் என்று தெரிந்தால் முழுவதும் மறுக்கப்படும். படிவத்தில் எழுதுவதும் போனில் சொன்னதும் போலீசில் சொன்னதும் ஒன்றாக இருக்கட்டும். ஓட்டியது யார் என்பதை மாற்றவே மாற்றாதீர்கள்.

கம்பெனியே ஒர்க்‌ஷாப்புக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் என்றாலும், தேய்மானத்தையும் கழிவையும் நீங்கள்தான் கட்டுவீர்கள். வேலை தொடங்குமுன் அந்தத் தொகையைக் கேட்டு வையுங்கள். டெலிவரி எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் பாருங்கள்: பெயிண்ட் நிறம் பக்கத்து பேனலோடு ஒத்துப்போகிறதா, பானெட் இடைவெளி இரண்டு பக்கமும் சமமா, பார்க்கிங் சென்சார் வேலை செய்கிறதா. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மறுத்துவிட்டால்

காலாவதியான லைசென்ஸ், பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இல்லாமல் எல்எல்ஆரில் ஓட்டியது, குடித்திருந்தது, சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டியது போன்றவற்றில் மறுத்தால் வாதாடுவது கடினம். மற்றபடி மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த நிபந்தனைப்படி என்று குறிப்பிடச் சொல்லுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை, மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் மனு போக வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். அன்று ரோட்டில் எடுத்த படங்களையும் சிஎஸ்ஆர் ரசீதையும் மறுப்புக் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.